சாப்பாட்டு டோக்கனில் வந்த நடுவர்

எங்கள் தமிழ்க் குடும்பங்களின் ஆண்டு விழாவில் வருடாவருடம் இரண்டு நாடகங்கள் மோதும். துபாயின் தேராவில் கடை வைத்திருப்பவர்களின் வீட்டுப் பெண்கள் ஒரு அணி, பக்கத்து ஷார்ஜாவின் முவைலாவில் குடியிருக்கும் நாங்கள் இன்னொரு அணி. விழாச் செலவை ஏற்பவரே நடுவர். அவர் மனைவி தேரா அணியில் நடிப்பார். மூன்று வருடம் தோற்ற பிறகு எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போது பழைய கிரேக்கத் துயர நாடகங்களைப் பைத்தியமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஏதென்ஸில் நாடகப் போட்டி என்பது ஊர்த் திருவிழா. கூட்டமாகப் பாடி ஆடியவர்கள் சாதாரண ஊர்க்காரர்கள். நடுவர்களைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். பத்துப் பேர் எழுதிய தீர்ப்பில் ஐந்தை மட்டும் எடுத்து எண்ணினார்களாம். யார் சீட்டு எண்ணப்படும் என்றே தெரியாதபோது யாரைப் போய் வளைப்பது? கிரேக்கம் என்றால் கமிட்டியில் யார் கேட்பார்கள்? நாமும் இப்படியே நடுவர்களை எடுக்கலாம், இது நம்முடைய குடவோலைதான் என்று சொன்னேன். உடனே தலையாட்டிவிட்டார்கள்.

நாடகத்தையும் அந்தப் பாணியிலேயே எழுதினேன். வறட்சியில் ஊர்க்கிணற்றைப் பூட்டுகிறான் ஊர்த்தலைவன். பூட்டை உடைத்தவள் அவன் மகள். தண்டிப்பதா விடுவதா என்று ஊர்ப்பெண்கள் பன்னிரண்டு பேர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சோபாவை பால்கனிக்குத் தள்ளிவிட்டு ஹாலில் ஒத்திகை. சனிக்கிழமைதோறும் அத்தனை பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தவர் என் கணவர். அவருக்குச் சர்க்கரை நோய் என்பதால் நாளுக்கு ஒரு டீதான். அது நான் போட்ட சட்டம். வேண்டியவர், வேண்டாதவர் பார்க்காததுதான் நீதி என்று நான் முழங்கியதையெல்லாம் பாவம், ஒரு மாதம் கேட்டார்.

விழா மதியம், வாசலில் கொடுத்த சாப்பாட்டு டோக்கன்களின் மறுபாதிகளை என் பொங்கல் பானையில் போட்டோம். சாப்பிட வந்தவர் எல்லோரும் குடிமக்கள், பரிமாற வந்தவர்கள் உட்பட. நடிப்பவர்களின் வீட்டாரை விலக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நடுவர்களாகப் பத்துப் பேரை எடுத்ததில், ஒன்பதாவதாக வந்தது என் கணவரின் டோக்கன்.

அரங்கமே சிரித்தது. நான் எழுந்து, இவர் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன்.

நாடகங்கள் முடிந்ததும் பத்துப் பேரும் எழுதிப் போட்டார்கள். டோக்கன்களைக் கொட்டிவிட்டு வைத்த அதே பானையிலிருந்து எடுத்த ஐந்தில் மூன்று தேராவுக்கு, இரண்டு எங்களுக்கு.

வீடு திரும்பும் வழியில் ஷார்ஜா டிராஃபிக்கில் வண்டி நின்றபோது அவராகவே சொன்னார்:

“நான் அவங்களுக்குத்தான் போட்டேன். உன் நாடகத்துல எல்லாரும் நீதியப் பத்திப் பேசுறாங்க. யாருக்கும் வலிக்கல.”

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கோபத்துக்குக் காரணம், அவர் சொன்னது உண்மை என்பதுதான். அந்தத் தகப்பனை ஒரு வரிகூட நான் அழவிடவில்லை.

மூன்றாம் நாள் பானையைக் கழுவ எடுத்தேன். எண்ணாத ஐந்து சீட்டுகளும் அடியிலேயே கிடந்தன. அவற்றில் ஒன்றில் அவருடைய சாய்ந்த எழுத்தில் ‘தேரா’ என்று இருந்தது. அவர் போட்ட ஓட்டு எண்ணிக்கைக்கே வரவில்லை. கொண்டுபோய்க் காட்டினேன்.

“அப்ப நான் வாயத் திறக்காமலே இருந்திருக்கலாம்,” என்றார்.

“நான்தாங்க திறந்திருக்கணும். உங்க டோக்கன் வந்தப்பவே வேண்டாம்னு சொல்லியிருக்கணும். ஜெயிச்சிடுவோம்னு சும்மா இருந்துட்டேன்.”

“தெரியும். உன் மூஞ்சியப் பாத்தேன். அதனாலதான் அந்த ஒரு வார்த்தைய எழுத எனக்கு அவ்வளவு நேரமாச்சு.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்று ஒரு நாள் சட்டத்தைத் தளர்த்தி, அவருக்கு இரண்டாவது டீ போட்டுக் கொடுத்தேன்.