சிவராஜ் எழுதிய ஆட்சேப மனு

கொல்கத்தாவில் கார்டன் ரீச் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் சிவராஜுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். இந்த வருடம் காலியான ஒரே சூப்பரின்டென்டன்ட் பதவி தனக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் அது நீலாவதிக்குப் போனது. பார்வையில்லாத நீலாவதி அவரைவிட ஏழு வருடம் ஜூனியர்.

சிவராஜ் ஆட்சேப மனு எழுதினார். நீலாவதிக்குத் தெரியாமல் கொடுக்கப் பிடிக்காமல், மதிய இடைவேளையில் போய்ப் படித்துக்காட்டினார்.

நீலாவதி முழுக்கக் கேட்டார். அந்த ஊர் வழக்கப்படி அவரை 'தா', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார். "நீங்க எழுதினது நியாயம்தான், சிவராஜ்-தா. உங்க முறை தள்ளிப்போச்சு. ஆனா புரமோஷன் பரீட்சைக்கு நான் நாலு தடவ அப்ளை பண்ணேன். எனக்காக எழுத ஆள் தர முடியாதுன்னு நாலு தடவையும் திருப்பிட்டாங்க. சட்டத்தக் காட்டின பிறகுதான் எழுத விட்டாங்க."

பக்கத்து அறையிலேயே இருந்தும் சிவராஜுக்கு இது தெரியாது. வருத்தம் போய்விடவில்லை. ஆனாலும் அந்த மனுவைக் கொடுக்க மனம் வரவில்லை.

"அப்ப நான் என்னதான் கேக்கறது?"

"ரெண்டு செக்ஷனுக்கு ஒரே சூப்பரின்டென்டன்ட். இன்னொரு போஸ்ட் கேளுங்க. நானும் கையெழுத்து போடறேன்."

மறுநாள் இரண்டு கையெழுத்துகளோடு புது மனு போனது. பூஜை விடுமுறை முடிந்த வாரம் இரண்டாவது பதவிக்கு அனுமதி வந்தது. சீனியாரிட்டி பட்டியலில் முதலில் இருந்தவர் சிவராஜ். இப்போது இருவர் மேஜைகளும் எதிரெதிரே. முதல் நாளே ஃபேனை எவ்வளவு வேகத்தில் வைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள்.