கை காதைத் தொட்டால் போதுமா?

செவ்வாய்க்கிழமை காலை கடையில் பத்திரிகைக் கட்டை அவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மங்களம் சாலையைக் கடந்து ஓடிவந்தார். மலாக்கா செட்டி வீட்டுப் பெண்மணி. தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்த வம்சம் என்பதால் தமிழ் பேச வராது, மலாய்தான். "மாமா, சிக்கு சுடா தாடா" என்றார். டீச்சர் போய்விட்டார் என்று அர்த்தம். எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் டீச்சர் என்றால் ருக்மணி டீச்சரம்மா ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் டவுன் பள்ளியான காஜா பேராங் தமிழ்ப் பள்ளியில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். மாலை போட்ட படம், சோடா, ஒலிபெருக்கி, எல்லாம் குறைவில்லாமல் இருந்தது. பள்ளிக் குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். "தோட்டத்துப் பிள்ளைகள்மேல் வைத்த அன்பால், டவுன் பள்ளியைத் தாமாகவே துறந்து போன தியாகி" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய வாத்தியார், அதாவது தலைமையாசிரியர், தலையை ஆட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன்.

"அவங்க துறக்கல. நீங்க துரத்துனீங்க."

"பெரியவரே, துக்கம் நடக்கிற இடத்துல சண்டை வேணாம். உட்காருங்க."

"பொய் நடக்கிற இடத்துல எப்படிங்க உட்கார்றது?"

இரண்டு இளைஞர்கள் வந்து என் தோளை அமுக்கி உட்கார வைத்தார்கள். தோளைத்தான் அமுக்க முடிந்தது. அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. விற்கிற பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படித்தே தமிழ் கற்றவன். நடையில் பிழை இருக்கலாம். விஷயத்தில் இருக்காது.

ருக்மணி டீச்சரம்மா ஜப்பான்காரன் போன பிறகு இந்த ஊருக்கு வந்தவர்கள். புக்கிட் பாருவில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு அவர்கள் பொறுப்பு. வருஷத்தின் முதல் வாரத்தில் புத்தகத்தையே திறக்க மாட்டார்கள். பிள்ளைகளை முற்றத்து மணலில் மனிதப் படம் போடச் சொல்வார்கள். ஒற்றைக் காலில் நொண்டச் சொல்வார்கள். பால் டின்னில் தண்ணீர் கொடுத்து, சிந்தாமல் இன்னொரு டின்னில் ஊற்றச் சொல்வார்கள். கடைசியாக "ஈ காட்டு" என்று ஒவ்வொரு வாயாகப் பார்ப்பார்கள். பெரிய வாத்தியார் இதைப் பார்த்து, "மாட்டுச் சந்தை ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார். மற்ற வாத்திமார்கள் "பல் டாக்டரம்மா" என்று பேர் வைத்தார்கள்.

என் கடைக்குப் பத்திரிகை வாங்க வரும்போது ஒருநாள் நானே கேட்டேன், பல்லில் என்ன இருக்கிறது என்று.

"வயசு இருக்குண்ணே. வயசு தெரிஞ்சாதானே என்ன கேட்கலாம்னு தெரியும்? அஞ்சு வயசுப் பிள்ளை மனுஷன் வரைஞ்சா தலையிலிருந்தே கை முளைக்கும். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும். ஏழு வயசுப் பிள்ளை ஆட்டத்துல கள்ளம் பண்ணிட்டான்னு அழும். பத்து வயசு ஆயிட்டா என் பேச்சு எடுபடாது, கூட்டாளி சொல்றதுதான் வேதம். எல்லாத்தையும் ஒரே பெஞ்சில உட்கார வெச்சு ஒரே பிரம்பைக் காட்டினா எப்படி?"

அப்போது எங்களில் பலர் வீட்டில் பிறப்புப் பத்திரம் கிடையாது. சிலர் எடுக்கவே இல்லை. என் வீட்டில் எடுத்ததைக் கரையான் தின்றது. அதனால் பள்ளியில் ஒரு வழக்கம். ஜனவரியில் மரத்தடியில் மேசை போட்டு உட்காருவார்கள். பிள்ளை வலது கையைத் தலைக்குமேல் கொண்டுபோய் இடது காதைத் தொடவேண்டும். தொட்டால் வயது வந்தது, சேர்க்கலாம். தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா.

நாடு சுதந்திரம் பெற்ற அந்த வருஷத்து ஜனவரியில், மங்களத்தின் மகன் ராஜனைச் சேர்க்க அவருக்குத் துணையாக நான் போனேன். மகன் கோயிலில் தமிழில் நாலு வரி பாடவேண்டும் என்று மங்களத்துக்கு ஆசை. என் கடைசி மகள் கமலா என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ராஜனுக்கு ஏழு முடிந்திருந்தது. ஆனால் குண்டுப் பிள்ளை, கை குட்டை, காது எட்டவில்லை. "அடுத்த வருஷம்" என்றார் பெரிய வாத்தியார். கமலா விளையாட்டாகத் தானும் கையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் அம்மாவைப் போல் நீண்ட கை. சட்டென்று தொட்டுவிட்டாள்.

"இவளைச் சேருங்க. ஆறு முடிஞ்சிருக்கு" என்றார்.

"அஞ்சுதாங்க ஆகுது."

"கை தொடுதே."

"பெத்தவன் சொல்றேங்க, அஞ்சு."

"வாய் பொய் சொல்லும் பெரியவரே, கை சொல்லாது. எழுதிக்கோப்பா."

பெற்றவன் வாயைவிடக் காது பெரிதாகப் போய்விட்டது! டீச்சரம்மா வகுப்பிலிருந்து இறங்கி வந்தார்கள். ராஜனின் வாயைத் திறக்கச் சொன்னார்கள். முன்னே பால்பல் விழுந்து முளைத்த, ரம்பம் போல் விளிம்புள்ள பெரிய பற்கள். "இவன் ஏழு வயசுப் பிள்ளைங்க. இவனை விடாதீங்க" என்றார்கள். கமலாவின் வாயில் எல்லாம் பால்பல். "இவ வீட்டுல இன்னும் ஒரு வருஷம் விளையாடட்டும்" என்றார்கள். வாதாடி ராஜனைச் சேர்த்துவிட்டார்கள். கமலாவின் பெயரை மட்டும் அடிக்க முடியவில்லை. புது அரசாங்கம் வரப்போகிறது, தலை எண்ணிக்கை வேண்டும் என்றார் பெரிய வாத்தியார். என் மனைவி அப்போது படுத்த படுக்கை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பிள்ளையும் ராஜனோடு போகிறேன் என்று அழுதாள். சேர்ந்துவிட்டாள்.

சுதந்திரக் கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து முடிந்த சில வாரங்களில் பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றார்கள். பெரிய வாத்தியார் ஒன்றாம் வகுப்புக்கு வந்து கமலாவைக் கரும்பலகையில் 'ட' எழுதச் சொல்லியிருக்கிறார். கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி எழுதினாள். வகுப்பே சிரித்தது. பெஞ்சின்மேல் ஏறி நிற்கச் சொன்னார். டீச்சரம்மா எல்லார் எதிரிலும் அவளைத் தூக்கி இறக்கிவிட்டு, "அஞ்சு வயசுல இது தப்பில்லீங்க. இந்தப் பிள்ளை பின்தங்கல. நாமதான் முன்னால ஓடிப்போய் நின்னுகிட்டு வா வான்னு கத்துறோம்" என்றார்களாம். இதை ராஜன் வந்து அப்படியே நடித்துக் காட்டினான்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கு முந்திய மாலை பெரிய வாத்தியார் என் கடைக்கே வந்தார்.

"நாளைக்குப் பாப்பாவை அனுப்பாதீங்க. காய்ச்சல்னு எழுதிக்கிறோம். புது வருஷத்துல அவ பேர் இருக்காது. மந்தப் பிள்ளைங்களை வெச்சுக்க இடமில்ல."

மந்தம்! அப்படிப் பேர் அடிக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். திரும்ப எந்தப் பள்ளியும் அவர்களைச் சேர்த்ததில்லை. இன்றைக்கும் ஆற்றோரம் மூட்டை தூக்குகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அன்று பால்பல்லே விழவில்லையோ, யார் பார்த்தது?

மறுநாள் விடிந்ததும் டீச்சரம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். பின்னால் நாலைந்து பிள்ளைகள். எல்லாம் "காய்ச்சல்" என்று எழுதப்பட்ட பிள்ளைகள்.

"கமலாவைக் கிளப்புங்கண்ணே."

"உங்க வேலைக்கு ஆபத்தும்மா."

"இவளைப் பேர் அடிச்சிட்டா இவளுக்கு இன்னொரு பள்ளிக்கூடம் இருக்கா? எனக்கு இருக்கு."

நானும் பின்னாலேயே போய் வகுப்பு ஜன்னலோரம் நின்றேன். இன்ஸ்பெக்டர் கமலாவை எழுதச் சொன்னார். அதே திருப்பிய 'ட'. "கொஞ்சம் மந்தம், சார்" என்றார் பெரிய வாத்தியார். டீச்சரம்மா முன்னே வந்தார்கள்.

"பதிவுல இவளுக்கு ஏழாகப் போகுது, சார். வாயைப் பாருங்க, ஒரு பல் விழல. ஒத்தக் கால்ல நிக்கச் சொல்லுங்க, விழுவா. தப்பு பதிவுலதான் சார், பிள்ளைகிட்ட இல்ல."

"அப்பா யார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தாங்க! இன்னும் ஆறே முடியல!" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன். அவர் திடுக்கிட்டுப் பிறகு சிரித்துவிட்டார். வயதைத் திருத்தி, அதே வகுப்பில் இன்னொரு வருஷம் வைத்துக்கொள்ளச் சொன்னார். "காய்ச்சல்" பிள்ளைகள் ஒருவர் பெயரையும் அடிக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கார் போனதும் பள்ளிக்காரர்கள் யாரைப் பார்த்தார்கள், என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. புது வருஷத்தில் டீச்சரம்மாவை இரண்டு பஸ் மாறிப் போகும் தோட்டப் பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். அதைத்தான் தலைவர் "தாமாகவே துறந்தார்" என்று மாலை போட்டுச் சொல்கிறார். நான் கொதித்தேன். டீச்சரம்மா, "அங்கேயும் பல் விழும்ணே" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் கிளம்பிய வாரத்தில்தான் கமலாவுக்கு முதல் பல் விழுந்தது. ஓடிப்போய்க் காட்டினாள். "இப்பவே கூரையில போட்டுடாதே. பெரிய வாத்தியார்கிட்டக் காட்டிட்டு அப்புறம் போடு" என்றார்கள். அந்தச் சிறு விஷமம் அவர்களுக்கு உண்டு. கமலாவும் அப்படியே கொண்டுபோய் அவர் மேசையில் வைத்து, "ஐயா, எனக்கு இப்பதான் ஆறு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த வருஷம் பாதியில், யாரும் அடிக்காமல், எழுத்துகள் தானாக நேராயின. இன்று பதினொரு வயது. கண் மங்கிவிட்ட எனக்குப் பத்திரிகையை அவள்தான் படித்துக் காட்டுகிறாள். டீச்சரம்மா கடைசிவரை தோட்டப் பள்ளியிலேயே இருந்தார்கள். திரும்ப அழைக்க ஒருவருக்கும் நா எழவில்லை.

இறந்த மறுநாள் காலை புக்கிட் பாருவிலிருந்து உடலைக் கொண்டுவந்தோம். இப்போது ஆள் உயரம் வளர்ந்துவிட்ட ராஜன் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். பள்ளி வாசலைக் கடக்கும்போது மரத்தடியில் மேசை போட்டிருந்தது. ஜனவரி அல்லவா! ஒரு சின்னப் பையன் தலைக்குமேல் கையை வளைத்துக் காதைத் தேடிக்கொண்டிருந்தான். ஊர்வலத்தைப் பார்த்ததும் பெரிய வாத்தியார் எழுந்து கைகூப்பினார். மேசைக்காரர்களும் கூப்பினார்கள். பையனை எல்லாரும் மறந்துவிட்டார்கள். கையை இறக்கு என்று யாரும் சொல்லாததால், வலியில் முகம் சுளித்தபடி அவன் அப்படியே நின்றான்.

என் மகள் கூட்டத்தை விட்டு விலகிப் போனாள். அவன் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள். பிறகு குனிந்து, "ஈ காட்டு" என்றாள்.

போய் வாருங்கள், டீச்சரம்மா. உங்களை இந்தப் பள்ளியை விட்டு யார் அனுப்பினார்கள் என்பதை நாங்கள் மறக்கமாட்டோம், மறக்கவும் விடமாட்டோம்.