இரண்டு நிமிடம் முந்தி அடித்த மணி

என் அலுவலக முகப்பில் ஒரு பித்தளை மணி இருக்கிறது. உச்சிக் குமிழை உள்ளங்கையால் தட்டினால் 'டிங்' என்று ஒலிக்கும். ஆள் வேண்டுமென்றால் வாடிக்கையாளர்கள் தட்டுவது. ஒரு நாளைக்கு முப்பது முறையாவது யாராவது தட்டுகிறார்கள். முப்பது முறையும் என் கண் கடிகாரத்துக்குப் போகிறது. ஒரு மாலையில் இதே மணியை நான் தட்டக் கூடாத நேரத்தில் தட்டினேன். இரண்டே நிமிடம் முந்தி. அதனால் ஒரு பெண்மணி, பத்தொன்பது ஆண்டுகளாகத் தைப்பூசத்துக்குத் தான் நடத்திவந்த தண்ணீர்ப் பந்தலை இழந்தார்.

அவரை நாங்கள் கிராணியம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஜார்ஜ்டவுன் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் சரக்கு ஏஜென்சியில் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, இடது கையில் ஆண்கள் கட்டுவது போன்ற பெரிய கைக்கடிகாரம். ஐம்பது வயது லாரி ஓட்டுநரைக்கூட "பிள்ளை" என்றுதான் அழைப்பார். நான் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருந்த அம்மா வீட்டை விட்டுவிட்டு, ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவில் தனியாக அறை எடுத்தபோது, வாழ்த்துச் சொல்லாத ஒரே ஆள் அவர்தான். "எனக்குப் பிடிக்கலை பிள்ளை. கல்யாணம் ஆகாத பொண்ணு தனியா இருக்கிறது எனக்குப் பிடிக்கலை" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அடுத்த வாரமே வீட்டிலிருந்து ஒரு பழைய கேஸ் அடுப்பைத் துடைத்துக் கொண்டுவந்து என் மேசைக்கடியில் வைத்தார். பிடிக்கவில்லை என்பதும் அடுப்புக் கொடுப்பதும் அவருக்கு ஒன்றுக்கொன்று இடைஞ்சலாகத் தோன்றவே இல்லை.

அப்போது வந்த தேர்தல் சமயத்தில் ஒரு வேட்பாளரின் துண்டறிக்கை எங்கள் ஆட்களைக் கலக்கிவிட்டது. வயது வந்தவர்கள் என்ன உடுத்துகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், யாரோடு வாழ்கிறார்கள் என்பதில் அரசாங்கமும் மூக்கை நுழைக்கக் கூடாது, அக்கம்பக்கமும் நுழைக்கக் கூடாது என்று அதில் போட்டிருந்தார்கள். காப்பிக் கடையில் இதே பேச்சு. "அப்புறம் குடும்பம்னு ஒண்ணு எதுக்கு?" என்று ஒரு கூட்டம், "எங்களை நிம்மதியா விடுங்கய்யா" என்று இன்னொரு கூட்டம். இங்குள்ள தமிழர்கள் கூடும் எங்கள் சங்கத்துக்கு இதைவிட நல்ல சாக்குக் கிடைக்குமா? 'தனிமனிதச் சுதந்திரம் குடும்பத்தைக் காக்குமா, கலைக்குமா?' என்று பட்டிமன்றம் அறிவித்துவிட்டார்கள். யார் எந்த அணி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். கிராணியம்மாவுக்கு வந்தது 'காக்கும்'. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சீட்டுல வந்துடுச்சு. ஒழுங்காப் பேசணும்" என்றார்.

மனுஷி ஒழுங்காகத்தான் தயார் செய்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னை எதிரே உட்காரவைத்து, அறை தேடி அலைந்த கதையைக் கேட்டார். ஏழு வீட்டில் முடியாது என்றார்கள், அதில் நாலு வீடு நம் ஆட்கள் வீடு என்றேன். பழைய கோப்பு அட்டைகளை வெட்டி, பின்பக்கத்தில் எல்லாவற்றையும் பொடி எழுத்தில் குறித்துக்கொண்டார். நேரம் பார்க்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். சங்கத்து மணி உடைந்துவிட்டது என்று அலுவலக மணியைத் தூக்கிக் கொடுத்தவரும் கிராணியம்மாதான்.

ஆளுக்கு ஏழு நிமிடம். மேடையில் அவர் ஏற்ற இறக்கம் எதுவும் காட்டவில்லை, கோப்பு வாசிப்பதுபோலவே பேசினார். "ஒரு பொண்ணு ராத்தங்க இடம் கேட்டு ஏழு கதவைத் தட்டினாள். கல்யாணம் ஆச்சா என்று கேட்டுக் கேட்டே ஏழு பேரும் மூடினார்கள். மூடினவர்கள் எல்லாம் குடும்பத்தைக் காப்பாற்றினோம் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பொண்ணு யார் வீட்டுக் குடும்பம்?" என்று கேட்டார். பின்வரிசைப் பெண்கள் கைதட்டினார்கள். முன்வரிசை நெளிந்தது. முன்வரிசையின் நடுவில் சங்கத் தலைவர், என் தாய்மாமன். அப்பா இல்லாத எங்களைத் தூக்கி நிறுத்தியவர். சின்ன வயதிலிருந்து அவர் கண் போகும் திசையைப் பார்த்தே எழுந்து நின்று பழகியவள் நான். மாமா என்னைப் பார்த்தார். பிறகு மணியைப் பார்த்தார். ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. தட்டிவிட்டேன்.

கிராணியம்மா பாதி வாக்கியத்தில் நின்றார். கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். கையில் மிச்சமிருந்த ஒரே அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே அந்தப் பேச்சு வாட்ஸ்அப்பில் வெட்டுப்பட்டுச் சுற்றியது. பொம்பளைப் பிள்ளைகளை வீட்டை விட்டுப் போகச் சொல்லித் தருகிறாராம் கிராணியம்மா! சீட்டு, அணி எல்லாம் யாருக்கு நினைவிருந்தது? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் மாமா அலுவலகத்துக்கே வந்தார். நாற்காலி நுனியில், மரியாதையாகத்தான் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அணிக்காகப் பேசினது, என் சொந்தக் கருத்து இல்லைன்னு. குரூப்புல போட்டுடுறோம். முடிஞ்சுச்சுலா."

"சொல்லலைன்னா?"

"சங்கத்துப் பந்தலுக்கு வேற ஆள் பார்க்கச் சொல்றாங்க கமிட்டியில."

"சரி தம்பி, பாருங்க" என்றார் கிராணியம்மா. பக்கத்து மேசையில் நான் கணினித் திரையையே வெறித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் அந்தப் பந்தல்தான் அவருக்கு வருஷத்தின் பெரிய நாள். காவடி எடுத்து வெயிலில் வருகிறவர்களுக்குச் சீராப் தண்ணீர், அந்த ரோஜா சர்பத், கலக்கும் அண்டாவை வேறு யாரையும் தொடவிட மாட்டார். அந்த வருஷம் அவர் வரிசையில் நின்று, புதிதாகப் பொறுப்பேற்ற பெண்ணின் கையிலிருந்து ஒரு குவளை வாங்கிக் குடித்தார். "சீனி கொஞ்சம் பத்தலை, பிள்ளை" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கூட்டத்துக்குள் நழுவிப் போய்விட்டேன்.

போன வருஷம் அவர் ஓய்வு பெற்றார். மேசை இழுப்பறையைக் காலி செய்யும்போது, ரப்பர் வளையம் போட்ட அந்த அட்டைக் கட்டை என்னிடம் நீட்டினார். கடைசி அட்டையை அப்போதுதான் படித்தேன். 'இதுவரை சீட்டில் வந்த அணிக்காகப் பேசினேன். என்னைக் கேட்டால், கல்யாணம் ஆகாத பிள்ளை தனியாக இருப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் எனக்குப் பிடிக்காது என்பதற்காக இன்னொருவர் வாசலில் நான் பூட்டுப் போட முடியாது.'

அட்டையை அவர் முன்னால் நீட்டினேன். "கிராணியம்மா, மாமா கேட்டது இதைத்தானே? சொல்லியிருந்தா பந்தல் போயிருக்காதே!"

"நானாச் சொல்ல வந்தப்போ மணி அடிச்சாங்க. அப்புறம் வந்து சொல்லு சொல்லுன்னாங்க. சொல்லச் சொன்னா சொல்றதுக்கு நான் என்ன கிளியா?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. மணியை வேண்டுமென்றே முந்தி அடித்தேன், மாமா பார்த்ததால் அடித்தேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கைக்கடிகாரத்தை விரலால் தட்டிக்காட்டி, "தெரியும் பிள்ளை. ரெண்டு நிமிஷம் பத்து வினாடி இருந்துச்சு" என்றார். "அப்போ ஏன் கேட்கலை?" என்றேன். "கேட்டிருந்தா உன் மாமா முன்னாடி நீ பொய் சொல்லணும்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

இப்போது தாசேக் கெலுகோரில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் இன்னும் அதே அறையில், அவர் கொடுத்த அடுப்பில்தான் சமைக்கிறேன். பல நாள் எட்டு மணிக்கு அவரிடமிருந்து போன் வரும், "வீட்டுக்குப் போயிட்டியா? கதவைப் பூட்டினியா?" என்று. தனியாக இருப்பது அவருக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

நேற்று சங்கத்திலிருந்து ஆள் வந்தார். மறுபடியும் பட்டிமன்றமாம், நேரம் பார்க்க நான் வரவேண்டுமாம், அந்த மணியையும் கையோடு எடுத்துவர வேண்டுமாம். மணி தருகிறேன், அடிக்க வேறு ஆளைப் பாருங்கள், பேச என் பெயரைப் போடுங்கள் என்றேன். எந்த அணி என்று கேட்டார். சீட்டில் எது வந்தாலும் சரி என்றேன். ஏழு நிமிடத்தில் எனக்கு ஐந்து போதும். கடைசி இரண்டு நிமிடம் கிராணியம்மாவின் அட்டையை வாசிக்கப் போகிறேன், அன்று யார் மணியடித்தது, யார் பார்த்ததால் அடித்தது என்பதையும் சேர்த்து. மாமா முன்வரிசையில்தான் இருப்பார். மணியைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டேன், அட்டையையும்.