இடது பக்கத்து டேங்க்

கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போது இப்போதும் என் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது. லைட்டரை அழுத்துவதற்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். "ம்மா, அது வெறும் அடுப்பும்மா" என்று என் மகள் சிரிப்பாள். அவள் சிரிக்கலாம். அன்றைக்கு அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றது நான்.

மகள் டிப்ளமோ முடித்துவிட்டு, இரும்பை என்ற ஊருக்குப் பக்கத்தில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் இரண்டு வருடம் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் ஸ்கூட்டர் சர்வீஸ். பழைய கார்களை அவள் துடைக்கலாம், தள்ளலாம், அவ்வளவுதான். அப்போதுதான் அந்தச் சிவப்புக் கார் வந்தது. தரையோடு தரையாக இருக்கும், இரண்டே இருக்கை கொண்ட வெளிநாட்டு வண்டி. ஓய்வுபெற்ற ஒரு டாக்டருடையது. கடலை ஒட்டிய அவர் வீட்டில், தார்ப்பாய்க்கு அடியில், வருடக்கணக்காக நின்றிருந்தது.

அந்தக் காருக்குப் பெட்ரோல் டேங்க் இரண்டு. பின்சக்கரங்களுக்கு மேலே வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் எடுக்க வேண்டும் என்று மாற்றிக்கொள்ள டிரைவர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. இடது டேங்க் செத்து எத்தனையோ வருடமாகிவிட்டதாம். வலதும் அந்த நிலைக்கு வந்துகொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தபோது இடது டேங்கின் அடித்தகட்டில் என் மகள் பென்சிலால் குத்தினாள். பென்சில் உள்ளே போய்விட்டது.

பட்டறை முதலாளி அவளைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "இந்த ரெண்டு டேங்கும் உன் பொறுப்பு. ரெடிமேடா வாங்கலாமா, புதுசா செய்யலாமா, எதுல செய்யலாம், நீயே முடிவு பண்ணு. சரியா வந்துச்சுன்னா இனிமே பழைய வண்டிங்க உன் கையில. இல்லன்னா ஸ்கூட்டரு இருக்கவே இருக்குது."

அன்று சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தாள். வெளிநாட்டில் பழைய அச்சிலேயே செய்த இரும்பு டேங்க் கிடைக்கிறது. அச்சு அசலாக இருக்கும், ஆனால் நம் உப்புக்காற்றில் மறுபடியும் அதே கதிதான். அலுமினியம் எடை குறைவு. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்கிறார்கள்.

"எவர்சில்வர்ல டேங்கா? தண்ணிக் குடம் மாதிரி?" என்றேன்.

"கிண்டல் பண்ணாத. எவர்சில்வர்லயே ரெண்டு மூணு வகை இருக்குதும்மா. நெட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அவங்க யாரும் நம்ம மரக்காணத்துல இல்ல."

நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. என்னைக் கேட்டிருந்தால் புத்தகத்தில் இருப்பதைச் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. மறுநாள் நான்கு தகட்டுத் துண்டுகளோடு வந்தாள். பெயின்ட் அடித்த இரும்பு ஒன்று, அலுமினியம் ஒன்று, பாத்திரத்துக்குப் பயன்படும் எவர்சில்வர் ஒன்று, கடலில் ஓடும் படகுச் சாமான்களுக்குப் பயன்படும் உயர்ரக எவர்சில்வர் ஒன்று. காரில் டேங்கைப் பிடித்துக்கொள்வது ஒரு இரும்புப் பட்டை. அதே மாதிரிப் பட்டையை ஒவ்வொரு துண்டிலும் போல்ட் போட்டு முடுக்கினாள். எங்கள் ஊர் உப்பளத்தில் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலில், பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலும் இருக்கும்படி நான்கையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள்.

உப்பு வாரும் பெண்களில் பாதிப் பேர் என் மாணவர்களின் அம்மாக்கள். அவர்களுக்கு அது பெரிய வேடிக்கை.

"என்னா டீச்சர், உங்க பொண்ணு தகரத்தப் போட்டு மீனு புடிக்குது?"

"மீனு இல்லக்கா, துரு புடிக்கிறேன்" என்றாள் இவள்.

"அதுக்கு ஏன்டி வாய்க்காலு? எங்க வூட்டு கேட்டாண்ட வந்து பாரு, கொத்துக்கொத்தா தொங்குது!"

ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்த்து, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆறு வாரம் கழித்து நான்கையும் எடுத்து என் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தாள். இரும்பு, பெயின்டுக்கு அடியிலேயே பொங்கிப் பொரிந்திருந்தது. அலுமினியம் பார்க்கப் பளிச்சென்று இருந்தது. ஆனால் போல்ட்டைக் கழற்றியதும், இரும்புப் பட்டை தொட்ட இடம் முழுவதும் வெள்ளை மாவாக உதிர்ந்தது. பாத்திர எவர்சில்வரில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளிகள். நான்காவதைத் துணியால் துடைத்தாள். என் முகம் தெரிந்தது.

"இதான்" என்றாள்.

பாடம் நடத்தும்போது நான் ஒருநாளும் இப்படி ஒன்றைச் செய்து காட்டியதில்லை. பெருமையாக இருந்தது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். பெருமை வந்தால் கூடவே பயமும் வந்துவிடுவது என் சுபாவம். புது டேங்க் பொருந்தாமல் போனால்? ஒழுகினால்? இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த வேலை.

அளவெடுப்பதற்காகப் பழைய டேங்க் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். வலது டேங்குக்கு அட்டையில் மாதிரி வெட்டி முடித்துவிட்டாள். இடதுக்கு இன்னும் வெட்டவில்லை. இரண்டும் ஒரே மாதிரி இருக்காது, குழாய் வரும் இடங்கள் வேறு என்று சொல்லியிருந்தாள். தகடு வாங்க அவள் சென்னைக்குப் போன அன்று, அந்த இடது டேங்கை நான் என் ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் நிற்க வைத்து வெல்டரிடம் எடுத்துப்போனேன். பழையதை ஒட்டிக் கையில் வைத்திருந்தால், புதியது சரிவராவிட்டாலும் ஒரு பிடிமானம் இருக்குமே என்று நினைத்தேன்.

ரோட்டோரம் கடை வைத்திருக்கும் அந்த வெல்டர்தான் உப்பளத்து மோட்டார் இன்ஜின்களின் டேங்குகளையெல்லாம் ஒட்டுகிறவர். அவருக்கென்று ஒரு முறை உண்டு. இரண்டு தரம் தண்ணீர் ஊற்றி அலசுவார், ஒரு மணி நேரம் வெயிலில் கவிழ்த்துவைப்பார், பிறகு நெருப்பை வைப்பார். இத்தனை வருடத்தில் ஒன்றும் ஆனதில்லை. எங்கள் பக்கத்தில் டேங்க் என்றால் டீசல் டேங்க்தான். அவர் என்ன டேங்க் என்று கேட்கவில்லை. நானும் பெட்ரோல் என்று சொல்லவில்லை. வருடக்கணக்காகக் காய்ந்து கிடந்த டேங்கில் என்ன இருக்கப்போகிறது என்று இரண்டு பேரும் நினைத்திருக்க வேண்டும்.

"தள்ளி நில்லுங்க டீச்சர், பொறி பறக்கும்" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் நான் நான்கடி பின்னால் போனேன்.

வெடித்தது என்று சொல்வதா, அறைந்தது என்று சொல்வதா, தெரியவில்லை. நெஞ்சில் யாரோ பலகையால் அடித்ததுபோல் இருந்தது. டேங்க் பலாப்பழம்போல உப்பி, ஓரத் தையல் பிரிந்து, ரோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. வெல்டர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. புருவம் இரண்டும் இல்லை. முன்நெற்றி முடி கருகி நாறியது. "டீச்சர், உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று அவர் கேட்டது எனக்கு வெகு தூரத்திலிருந்து கேட்டது.

சாயங்காலம் மகள் வந்தாள். முதலில் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வெல்டர் வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம்தான் டேங்கைப் பார்த்தாள். அதற்கும் அப்புறம்தான் திட்டினாள்.

"நீ சயின்ஸ் டீச்சர்தானேம்மா? பெட்ரோல் எரியுமா, அதோட ஆவி எரியுமா?"

"ஆவி" என்றேன், கடைசி பெஞ்சுப் பிள்ளை மாதிரி.

"காலி டேங்க்தான் நெறஞ்ச டேங்க்க விட மோசம். தகட்டு மடிப்புல ஒளிஞ்சிட்டு இருந்தது, சூடு பட்டதும் வெளிய வருது. உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் யாருக்காக டேங்க் செய்யறது?" என்றவள் சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் டாக்டருக்கு அவளே போன் செய்தாள். "சார், எங்க வீட்டுல இருந்தப்ப உங்க பழைய டேங்க் ஒண்ணு வெடிச்சு வீணாப்போச்சு. தப்பு எங்களுதுதான். யாருக்கும் அடி இல்ல. புதுசு நான் சரியா செஞ்சு குடுத்துடுவேன்." அம்மா என்ற சொல் அந்தப் பேச்சில் வரவேயில்லை.

இடது பக்கத்துக்கு இப்போது மாதிரி கிடையாது. காரின் அந்தப் பொந்துக்குள் தலையையும் ஒரு கையையும் விட்டு, அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, அந்த இடத்தின் வடிவத்தையே மாதிரியாக எடுத்தாள். நான்கு நாள் ஆனது. உடைந்த டேங்கையும் அவள் தூக்கிப்போடவில்லை. பிரிந்த தையல் வழியாக அதன் உள்ளே தெரிந்தது. வளைவில் திரும்பும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஓடிவிடாமல் நிற்பதற்கு, ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் இரண்டு. அவை எங்கே, எந்த உயரத்தில் என்று அளந்துகொண்டாள்.

"முழுசா இருந்திருந்தா இது எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். நான் நிமிர்ந்து பார்த்ததும், "அதுக்காகத் தேங்க்ஸ்லாம் சொல்ல மாட்டேன்" என்றாள்.

புதுச்சேரியில் எவர்சில்வர் பால் தொட்டி செய்யும் பட்டறை ஒன்றில் பக்கத்திலேயே நின்று இரண்டு டேங்கையும் செய்து வாங்கினாள். இரும்புப் பட்டை நேராகத் தொடாதபடி நடுவில் ரப்பர் கொடுத்தாள். புருவம் மறுபடி முளைத்த வெல்டர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, புது டேங்கைத் தட்டிப் பார்த்தார். "டீச்சர், இனிமே எவன் டேங்க் எடுத்துட்டு வந்தாலும் என்ன டேங்க்குன்னு கேட்டுட்டுதான் தொடறேன். பெட்ரோல்னா உங்க பொண்ணுக்குப் போன் பண்ணிடுவேன்" என்றார்.

பெட்ரோல் ஊற்றும் நாளில் பட்டறைக்கு என்னையும் வரச் சொன்னாள். காற்றடைத்து, சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தது முன்பே முடிந்திருந்தது. இருந்தாலும் நான் பழைய வினாத்தாள்களைக் கொண்டுபோயிருந்தேன். அவற்றின் வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்து இரண்டு டேங்குக்கும் அடியில் விரித்தோம். வலதில் ஐந்து லிட்டர், இடதில் ஐந்து லிட்டர். அரை மணி நேரம் ஆனதும் தாள்களை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"திருத்துங்க டீச்சர்."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டுக் கறை இல்லை. மோந்தும் பார்த்தேன்.

டாக்டர் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினார். "சார், லெஃப்ட்டுக்கு மாத்துங்க" என்றாள். அந்தச் சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் கொஞ்சம் தயங்கினார். நான் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். இன்ஜின் சத்தம் அப்படியே இருந்தது. கண்ணைத் திறந்தபோது கார் கேட்டைத் தாண்டிக் கடற்கரை ரோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, இடது டேங்க் பெட்ரோலில்.

உள்ளேயிருந்து முதலாளியின் குரல் வந்தது. "ஏம்மா, அந்த ஸ்கூட்டர வேற யாருக்காவது குடுத்துடு. நாளைக்கு வானூர்லேருந்து ஒரு பழைய வண்டி வருது. நீதான் பாக்கணும்."

"சரிங்கண்ணா" என்றாள், தினமும் நடப்பதுபோல.

அன்று வீட்டுக்கு வந்ததும் தோசை சுடட்டுமா என்று கேட்டேன். பசிக்கிறது என்றாள். அவள் கையெல்லாம் பெட்ரோல் வாசம். சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவச் சொல்லி, அவள் கழுவித் துடைத்து முடிக்கும்வரை அடுப்பைப் பற்றவைக்காமல் காத்திருந்தேன்.