பாகல் போட்ட முடிச்சு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும் பாகல் கொடியைப் பற்றி என்னோடு ஒருவரும் வாதாடி வெல்ல முடியாது. அதன் சுருளை நுனியிலிருந்து அடிவரை பார்த்தால், பாதித் தூரம் ஒரு பக்கமாக முறுகி வந்து, நடுவில் நின்று, மீதியை மறுபக்கமாக முறுகியிருக்கும். இரண்டு கையும் வாய்த்த கொடி.

இதை நான் கண்டுபிடித்தது தாழ்வுபாடு என்ற எங்கள் கடற்கரை ஊரில், எங்கள் வளவு வேலியில். அந்த வருடம் மழை விட்டதும் அப்பா தூரக் கரைக்குப் போய், வாடி போட்டுத் தங்கி, மீன் பிடிப்பதாக இருந்தார். அம்மா முழுகாமல் இருந்தார். முந்தின முறை அப்பா வாடியில் இருந்தபோதுதான் அம்மாவுக்குப் பிள்ளை பிறந்தது. அவர் வந்து சேருமுன் அதைச் சேமக்காலையில் புதைத்துவிட்டார்கள். ஆகையால் எனக்கு ஒரே யோசனை. இரவில் செபமாலை சொல்லும்போதும் அதே யோசனைதான். அம்மா மட்டும் "போகாதேங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீம்பு.

இடையில் அப்பா காய்ச்சலில் விழுந்தார். அவருடைய நைலோன் வலை வேலியில் போட்டபடியே கிடந்தது. அதற்குள்தான் அந்த அதிசயம் நடந்தது. வாடைக்காற்று கொடியை ஒரு பக்கம் தள்ள, பாகலோ காற்றை எதிர்த்து வலைப் பக்கம் நடந்தது. நாளுக்கு நாள் நடந்தது. அப்பா எழும்பி வந்து பார்த்தபோது வலை தெரியவில்லை. இலையும் பூவும் பிஞ்சும்தான் தெரிந்தன.

அப்பா குந்தியிருந்து சுருள்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்றேன். ஓரிடத்தில் அவருடைய கை நின்றது. இலைக்கு அடியில் வலைநூல் துண்டொன்று கொடித்தண்டை வலைக் கண்ணோடு சேர்த்துக் கட்டியிருந்தது. இன்னொரு இலையைத் தூக்கினார். அங்கேயும் அப்படித்தான்.

"அப்பா, கொடி முடிச்சும் போடுமோ?"

"போடும் போலத்தான் கிடக்கு." முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். "எங்கடை முடிச்சு வலப்பக்கம் விழும். இது இடப்பக்கம். இடக்கைக் கொடி, பிள்ளை."

எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் முறுகத் தெரிந்த கொடிக்கு, கீழே கிடந்த நூலை எடுத்துக் கட்டுவது பெரிய வேலையா?

வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்த சம்மாட்டியாரின் சத்தம் கேட்டது. அப்பா போகவிருந்த தோணி அவருடையது.

"என்ன மச்சான், இன்னும் வலை ஏத்தேல்லையோ?"

"பாகல் விடுகுதில்லை, அண்ணை."

"கடலுக்குப் பயந்தவனைக் கண்டிருக்கிறன். பாகற்காய்க்குப் பயந்தவனை இண்டைக்குத்தான் காணுறன்!"

குசினிக்குள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தார். "கத்தி இஞ்சை கிடக்கு. வேணுமெண்டால் வெட்டிப்போட்டுப் போங்கோவன்."

அப்பா குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "காய்க்கிற கொடியை ஆரும் வெட்டுவினமோ? நீங்கள் போங்கோ அண்ணை. நான் இந்த முறை கரையிலேயே ஏதும் பாக்கிறன்."

தம்பி பிறந்தபோது அவனை முதலில் கையில் வாங்கியவர் அப்பாதான். வலை அந்தப் பருவம் முழுவதும் பாகலுக்கே பந்தலாக இருந்தது.

சம்மாட்டியார் வந்துபோன அன்று பின்னேரம் அம்மா பிள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். நூல் நுனியை இடது கையால் சுற்றி, ஒரு இழுப்பில் முடிச்சைப் போட்டு, பல்லால் கடித்து அறுத்தார். நான் அவருடைய மடியோடு ஒட்டியிருந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தபடியே, இரவில் அந்தக் கொடி யன்னலால் உள்ளே வந்து என் பின்னலையும் கட்டிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.