அம்மா கீறிக்கொடுத்த வீடு

கொட்டாஞ்சேனையில் பிறந்து வெள்ளவத்தையில் கண்மூடிய எங்கள் அப்பாவைப் பற்றி முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் எழுதும் பொறுப்பைத் தம்பிமார் என்னிடம் விட்டார்கள். என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரப் பத்து நிமிடம் பிந்தினாலே வாசல் படலையில் போய் நிற்பவள் நான். அப்பா போனபின் அந்தப் பயம் கூடியிருக்கிறது. ஆனாலும் அவரை நினைத்தால் அழுகைக்கு முன் சிரிப்புத்தான் வருகிறது.

அப்பா ஓடாவி. துறைமுகத்துக்கு அருகே ஒரு பட்டறையில் கதவும் யன்னலும் செய்தவர். முந்திய மகாயுத்தத்தில் பட்டாளத்துக்குத் தச்சுவேலை தெரிந்தவர்கள் தேவைப்பட்டபோது, பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் அம்மாவிடம் சொன்னார். மூன்று மாதம் என்று போனவர் மூன்று வருடம் கழித்தே வந்தார். கடல் கடந்து பஸ்ராவில் அவர் கட்டியதெல்லாம் படைவீரர் தங்கும் நீண்ட கொட்டில்கள்.

திரும்பி வந்ததும், தென்னையும் பற்றையுமாகக் கிடந்த வெள்ளவத்தையில் ஒரு துண்டுக் காணி வாங்கித் தம் கையாலேயே வீடு கட்டினார். முடியும்வரை யாருக்கும் காட்டவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்து, மாமாவையும் கூட்டிக்கொண்டு கோட்டையில் ரயிலேறிப் பார்க்கப் போனோம். ஒரே நீள மண்டபம். இரண்டு முனையிலும் கதவு. அறை ஒன்றுமில்லை.

“குசினி எங்க?” என்று கேட்டார் அம்மா.

தள்ளி நின்ற சமையல் கொட்டிலை அப்பா பெருமையோடு காட்டினார். “அங்க. நெருப்புப் பிடிச்சாலும் ஆக்களுக்குச் சேதமில்ல.”

“எந்த ஆக்கள்? இஞ்ச எந்தப் பட்டாளம் வந்து படுக்கப்போகுது?”

மாமா சும்மா இருக்கவில்லை. “பயப்படாத அக்கா. சாப்பாட்டுக்கு அத்தான் ஊதுகுழல் ஊதுவார். கோப்பையோட வரிசையில போய் நிண்டாச் சரி.”

எல்லாரும் சிரித்தோம், அம்மா சிரிக்கவில்லை. “இதில நான் இருக்கமாட்டன்” என்று அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டார்.

நான்கு மாதம் அப்பா அங்கே, நாங்கள் கொட்டாஞ்சேனையில். யுத்தம் முடிந்தும் குடும்பம் ஒன்றுசேராமலே போய்விடுமோ என்று எனக்குப் பயம். ஒவ்வொரு ஞாயிறும் அப்பா வந்து கேட்பார்.

“குசினியைக் கிட்டக் கொண்டுவந்துட்டன். வாறியா?”

“மாட்டன்.”

அடுத்த கிழமை, “அறை மறிச்சிட்டன். வாறியா?”

“மாட்டன்.” அன்று அம்மா வெடித்துவிட்டார். “குசினி இல்ல விஷயம். பட்டாளத்துக்குப் போகேக்க என்னைக் கேட்டீங்களா? வீடு கட்டேக்க கேட்டீங்களா?”

அப்பா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். “அப்ப நீயே கீறு.”

என் பள்ளிக்கூடக் கொப்பியில் அம்மா கீறினார்: நடுவில் குசினி, சுற்றிவர அறைகள். அப்பா தாம் கட்டிய சுவர்களை இடித்தார். “அளவு சரிவராது” என்று ஒருமுறை முணுமுணுத்ததற்கு, “அப்ப நீங்களே இருங்கோ” என்று பதில் கிடைத்தது. உயிர்த்த ஞாயிறுக்கு முன் குடிபோனோம். அதன்பின் ஒரு சட்டைத் துணி வாங்கவும் அம்மாவிடம் கேட்பார். கேட்கும் தோரணையில் அம்மாவே சிரித்துவிடுவார்.

கடைசிக் கிழமைகளில் தினமும் கஞ்சி அனுப்பிய பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தாருக்கும், அழைத்த நேரமெல்லாம் வந்த டொக்டருக்கும், கடைசி நேரத்தில் அவஸ்தைப்பூசுதல் கொடுத்த பங்குச் சுவாமிக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த பட்டறை நண்பர்களுக்கும் எங்கள் நன்றி.

முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாட்டைக் கொட்டாஞ்சேனையில் கோயிலுக்குக் கிட்ட வைப்போமா என்று மாமா கேட்டார். “என்னைக் கேட்டுக் கட்டின வீடு இருக்கேக்க வேற இடம் ஏன்? எல்லாரையும் இஞ்ச வரச்சொல்லு” என்றார் அம்மா.

ஆகவே இதை நீங்கள் வெள்ளவத்தையில் இருந்து வாசிக்கிறீர்கள். ஒருவரும் சாப்பிடாமல் போகவேண்டாம். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்.