மெஷினுக்குப் போர்த்திய சேலை

என் வீட்டுக்காரர் ஹைதராபாத் ஹைடெக் சிட்டியில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த காலத்தில் நான் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் தூசி பிடித்துக்கொண்டிருந்தேன். கேலி இல்லை, உத்தியோகமே அதுதான். ஒரு மருந்துக் கம்பெனி ஆலையைப் பெரிதாக்க அனுமதி கேட்டிருந்தது. அதற்கு முன்னால் அக்கம்பக்கத்துக் காற்றை அளந்து அறிக்கை எழுத வேண்டும். யார் வீட்டு மொட்டைமாடியிலாவது காற்றை இழுக்கும் மெஷினை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டால், உள்ளே இருக்கும் வெள்ளைத் தாளில் தூசி படியும்.

ஆலைக்குப் பின்தெருவில் ஓர் அக்கா இடம் கொடுத்தார். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். அவருடைய சின்ன மகளுக்கு ஓயாத மூச்சிழுப்பு. குளிர்காலத்தில் தலைக்கு ஊற்றியதால்தான் வந்தது என்று மாமியார் முதல் பால்காரர் வரை அவரையே குற்றம் சொன்னார்கள். அவரும் அதை நம்பிவிட்டார். அப்புறம் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றவே பயந்து, ஈரத்துணியால் துடைத்துவிடுவதோடு சரி. மகளை இடுப்பில் வைத்தபடியே எனக்குக் காபி கொடுத்தார். மெஷினைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

மறுநாள் போனால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாடியைக் கழுவிவிட்டு, மெஷினுக்குப் பழைய சேலையைப் போர்த்தியிருந்தார். நம்மை நம்பி விட்டுப்போன பொருள் அழுக்காகலாமா என்று கேட்டார். தாள் வெள்ளைவெளேரென்று இருந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அன்றைக்கும் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து என்னவென்று திட்டுவது? மெஷின் வந்ததே அழுக்காவதற்குத்தான் என்று விளக்கினேன்.

ஆபீஸிலோ மேலதிகாரிக்கு வெள்ளைத் தாள் பிடித்துப்போயிற்று. காற்று சுத்தம் என்று எழுத அதையே வைத்துக்கொள்ளலாமே என்றார். சேலை போர்த்திய காற்றுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சண்டை பிடித்து, மெஷினை மறுபடியும் அதே மாடிக்குத் தூக்கிப்போனேன்.

இந்த முறை மெஷின் ஓடி முடியும்வரை அக்கா மாடிப் பக்கமே வரவில்லை. அடுத்த நாள் தாளை எடுத்தேன், கரித்துணி மாதிரி இருந்தது. மகளோடு மேலே வந்த அக்காவுக்குப் புதுத்தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"அப்போ, நான் தலைக்கு ஊத்தினதால இல்லையா?"

ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு நோய்க்குக் காரணம் சொல்லக்கூடாது. அறிக்கையில் அதற்கு இடமும் கிடையாது.

"உங்களால இல்லக்கா."

"ஹவ்வா?" என்று, அப்படியா என்பதை ஹைதராபாத் பாணியில் ஒரு தடவை கேட்டுக்கொண்டு, மகளோடு இறங்கிப்போய்விட்டார். நான் மெஷினைக் கழற்றிக் கட்டிக் கீழே கொண்டுவந்தபோது, முற்றத்தில் வெந்நீர் வைத்து மகளுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.